தம்பதிகளின் ஆஸ்தி: தனியோ, பொதுவோ?

மணவாழ்க்கையைப்பற்றி நம் நாட்டில் எழுந்துள்ள நூல்கள் பல. அன்பைப்பற்றியும் கற்பைப்பற்றியும் விருந்தோம்பலைப்பற்றியும் அவை விரித்துரைக்கும். வீட்டுப் பத்திரத்தில் எவர் பெயர் எழுதப்படல் வேண்டும் என்னும் வினாவையோ, யான் கற்ற அளவில், அவற்றுட் பெரும்பாலன எடுத்துக்கொள்வதில்லை. புலவர்க்கு அஃது அற்ப விஷயம். பத்திரப்பதிவு அலுவலகத்தின் முன் நிற்பவர்க்கோ அதுவே முதல் விஷயம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று பொருளாதார வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். இவ்வழக்கிற் பாதி சொல்லைப்பற்றிய வழக்கே என்பது என் கருத்து. ஆதலின் துணிந்து புகுகின்றேன்.

இந்திய அரசாங்கத்தார் சில ஆண்டுகட்கு ஒருமுறை தேசியக் குடும்பநல ஆய்வு என்பதொன்றை நடத்துகின்றனர். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை நோக்கி, வீடேனும் நிலமேனும் தனியாகவோ பிறருடன் கூட்டாகவோ தங்கட்கு உரிமையாக உண்டா என்று அதில் வினவுகின்றனர். 2015-16-ஆம் ஆண்டு ஆய்வில் 38.4 விழுக்காட்டினர் உண்டு என்றனர். 2019-21-ஆம் ஆண்டு ஆய்வில் அது 43.3 விழுக்காடாயிற்று. வீடு வீடாய்ச் செல்வோர் தனி, கூட்டு என்று விடைகளைப் பிரித்தே குறிக்கின்றனராயினும், மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எடுத்தாளப்படும் எண் இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்த எண்ணேயாம். தன் பெயருக்கே எழுதப்பட்ட நிலத்தை ஆள் வைத்து உழுவிக்கிறாள் ஒருத்தி. மாமியார், கணவன், கொழுந்தன் என்ற மூவர் பெயருக்குப் பின் நான்காவதாகத் தன் பெயரும் ஒரு பத்திரத்தின் மூலையில் இருக்கக் காண்கிறாள் மற்றொருத்தி. இருவரும் அந்த 43.3-இல் ஒரே நிறையினர். 'ஓ' என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூலார் எட்டுப் பொருள் கூறினார். மறைத்தல் அவ்வெட்டனுள் ஒன்றன்று.

இது நிற்க. இருப்பதை அறிதல் வேறு. விரும்புவதை அறிதல் வேறு. மேற்கண்ட எண், எவரிடம் என்ன உள்ளது என்பதையே ஒருவாறு காட்டுகிறது. மணமான ஆணும் பெண்ணும் தம் ஆஸ்தி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று நினைக்கின்றனர் என்பதை அது கேட்கவேயில்லை. பத்திரத்தைப் பார்த்தே நெஞ்சை அறியலாம் என்பர் சிலர். அதுவும் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், 10 இலட்ச ரூபாய் மதிப்புக்கு மேற்படாத வீடு, மனை, விளைநிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரிற் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடே. ஆயினும் இனி மனைவி பெயரில் ஒரு மனை பதிவாகும்போது, அது கணவனின் விருப்பமா, மனைவியின் விருப்பமா, கட்டணத்தின் விருப்பமா என்று பத்திரம் சொல்லுமோ? கிழக்கு ஆப்பிரிக்காவில் தார் எஸ் சலாம் நகரத்து எளிய குடியிருப்புகளில் ஒரு சோதனை நடந்தது. நிலப் பட்டயம் பெறுவோர் மனைவியின் பெயரையும் சேர்த்தால் கட்டணத்திற் சலுகை என்று சில வீட்டார்க்கு மட்டும் அறிவித்தனர். சலுகை பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் பெயரைச் சேர்த்தனர். அந்நிபந்தனையை வெறுத்துப் பட்டயமே வேண்டாவென்று ஒதுங்கினவர் தொகை கூடவில்லை. இதனால் யான் அறிவது ஒன்றே: மனைவி பெயரை விட்டுவிடும் வழக்கத்துக்கு வேர் நாம் நினைக்குமளவு ஆழமானதன்று. ஒரு சிறு சலுகைக்கு அசையும் பழக்கத்தைத் தொன்மையான கொள்கை என்று போற்றுவது வீண்.

இனி, கேட்கும் மொழியைக் காண்போம். 'இது யாருடைய வீடு?' என்று ஒரு தமிழ்ப் பெண்ணை வினவினால், 'எங்கள் வீடு' என்பாள். உடன்பிறந்தார் ஒருவருமில்லாத ஒற்றைப் பிள்ளையும் 'எங்கள் அப்பா' என்றே சொல்லுகிறான். மனைவியையே 'எங்கள் வீட்டில்' என்று குறிக்கும் கணவன்மாரும் நம்மிடையே உளர். 'என் வீடு' என்றாலோ நம் செவிக்குச் சற்றுச் செருக்காய் ஒலிக்கிறது. தன்மைப் பன்மையை உரிமையின் கணக்காக அன்றிப் பணிவின் அடையாளமாக வழங்குதல் நம் மரபு. அன்றியும், கணவனின் பெயரைச் சொல்லவும் கூசும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. 'எல்லாம் அவர்களுடையதுதான்' என்று ஒருத்தி விடையிறுத்தால், அது அவள் விருப்பமோ, வந்தவரிடம் காட்டிய மரியாதையோ? 'எங்கள்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு, இவள் கூட்டுரிமையை விரும்புகிறாள் என்று தாளிற் குறித்துச் செல்லும் ஆய்வாளர் அவள் விருப்பத்தை அளந்தாரல்லர். அவளுடைய இலக்கணத்தை அளந்தார்.

இவ்விடர்ப்பாட்டினின்று நீங்க வழியுண்டு. உடைமையைக் கேளாது, உடைமையால் விளையும் அதிகாரங்களைக் கேட்டல் வேண்டும். இவ்வீட்டை விற்க எவருடைய கையெழுத்து வேண்டும்? இதனை அடகு வைக்க எவர் இசைய வேண்டும்? மரணசாசனத்தில் இதனை எவருக்கேனும் எழுதிவைக்க உமக்கு அதிகாரமுண்டா? வாடகை வந்தால் எவர் கையில் வருகிறது? இவ்வினாக்கட்கு 'எங்கள்' என்று விடை கூறி நழுவ இயலாது. 2019-இல் ஐக்கிய நாடுகள் சபையார் இத்தகைய கணக்கெடுப்புக்கென வெளியிட்ட நெறிமுறைகளும், ஒருவர் தம்முடையது என்று சொல்லுதல், பத்திரத்திற் பெயர் இருத்தல், விற்கும் உரிமை, பிறர்க்கு எழுதிவைக்கும் உரிமை என்று இவற்றை வேறுவேறாகவே எண்ணச் சொல்லுகின்றன.

வேறுபாடு வெறுஞ் சொல் வேறுபாடன்று என்பதற்கு யான் அறிந்த குடும்பமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவேன். மனைவி பள்ளி ஆசிரியை. கணவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இருவரும் நம் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். மனைக்கு முன்பணம் ஆசிரியையின் நகைகளை விற்றுக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கடனின் மாதத் தவணை அவர் சம்பளத்தினின்றே சென்றது. பத்திரம் பதிவான நாளில் அவர் பள்ளியிற் பரீட்சை, விடுப்புக் கிடைக்கவில்லை, ஒருவர் பெயர் போதுமென்று கணவர் பெயரிலேயே முடித்தனர். அதில் வஞ்சனை ஒன்றுமில்லை. அவ்வம்மையார் அதனை 'எங்கள் வீடு' என்றே பதினெட்டு ஆண்டு சொல்லிவந்தார். பிள்ளைப்பேறு இல்லை. கணவர் மரணசாசனம் எழுதாமலே திடீரென இறந்தார். துக்கம் ஆறுமுன்னரே கணவரின் சகோதரர் இருவர் வந்து பாதி வீடு தங்களது என்றனர்.

சட்டம் அவர்கள் பக்கமே நின்றது. நம்மனோர்க்கு உரிய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மரணசாசனமின்றி இறந்தவனுக்குப் பிள்ளைகள் இருப்பின் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளின்றிக் கணவன்வழி உறவினர் இருப்பின் விதவைக்குப் பாதி, அவர்கட்குப் பாதி. மணத்தினால் மட்டும் ஒருவர் சொத்தில் மற்றவர்க்கு எவ்வுரிமையும் உண்டாவதில்லை என்பதும் அச்சட்டத்தின் விதி. இவ்விதி பெண்ணைக் காக்கவே ஏற்பட்டது என்பதை மறத்தலாகாது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தின்படி மணமான பெண்ணின் பணமும் பண்டமும் கணவனுடையனவாகிவிடும். 1882-ஆம் ஆண்டு மணமான பெண்டிர் சொத்துச் சட்டம் வந்த பிறகே அந்நிலை அங்கு முற்றும் மாறியது. அக்கேடு இங்கே வாராதபடி, அவரவர் சொத்து அவரவர்க்கு என்று வேலி கட்டினர். ஆனால் வேலி எவர் நிலத்தைச் சூழ்ந்திருக்கிறதோ அவரையே காக்கும். பத்திரத்திற் பெயர் இல்லாத ஆசிரியைக்கு அது வெளிப்புறத்து வேலியாயிற்று. தவணை கட்டியது தானே என்று மெய்ப்பித்து அவர் வழக்காடியிருக்கலாம். வழக்காடவில்லை, சகோதரர்க்குப் பணம் கொடுத்துத் தம் வீட்டின் பாதியைத் தாமே இரண்டாமுறை வாங்கினார்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அவர்கள் வழங்கிய தீர்ப்பொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. கணவன் அயல்நாட்டில் உழைத்துப் பணம் ஈட்ட, மனைவி வீட்டையும் மக்களையும் காத்து நின்றாள். அவள் உழைப்பும் அச்சொத்து வாங்கப்படுதற்குத் துணைநின்றதாதலின், அவ்வாறு தேடிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று அவர் முடிவு கூறினார். மிக நேரிய முடிவு என்பேன். ஆயின் ஒரு வழக்கிற் பிறந்த தீர்ப்பு, வழக்காட மனமும் பணமும் உள்ளவர்க்கே எளிதிற் பயன்படும்.

அத்தீர்ப்பைப் படித்தபோது அதில் வந்த கருத்துக்குத் தமிழிலே முன்னரே ஒரு பெயர் உண்டென்பது நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் தேசவழமையில் வழங்கும் 'தேடியதேட்டம்' என்பதே அது. கணவன் தன் குடும்பவழியிற் கொணர்ந்தது முதுசொம். மனைவி கொணர்ந்தது சீதனம். இருவரும் கூடிவாழுங் காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். சொம் என்பது சொத்தைக் குறிக்கும் பழஞ்சொல். முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் செல்லும் என்பது பண்டை முறை. தனி, கூட்டு என்று இரண்டாகப் பிரித்து, இவற்றுள் எது வேண்டும் என்று மயங்குகின்றோம் நாம். அவர்களோ, எந்தப் பொருள், எங்கிருந்து வந்தது என்று முதலிற் கேட்டனர். ஒரே வீட்டில் ஒரே தம்பதிகட்குத் தனியும் உண்டு, பொதுவும் உண்டு. யாழ்ப்பாணத்து மணவுரிமை, வாரிசுரிமை குறித்து 1911-இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம், தேடியதேட்டம் ஒருவரால் ஈட்டப்பட்டு அவர் பெயரிலேயே இருப்பினும் இருவர்க்கும் சமமாக உரியது என்று விளம்பியது; 1947-இல் அதனைத் திருத்தியமைத்தனர். 1911-ஆம் ஆண்டு விதி நம் ஆசிரியைக்கு இருந்திருக்குமாயின், பரீட்சை நாளன்று விடுப்புக் கிடையாமை அவரைக் கெடுத்திராது.

இவ்வாறு புகழ்வதால் தேசவழமையிற் குறையில்லை என்று யான் சொல்வதாகக் கொள்ளற்க. அதே 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். பங்கு உண்டு, பிடி இல்லை. மற்றொரு செய்தியும் உண்டு. 1707-இல் ஒல்லாந்தர் ஆளுநரின் ஆணைப்படி இவ்வழக்கங்களைத் தொகுத்தவர் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர். தொகுத்ததை 12 முதலியார்களிடம் காட்டி, சரிதான் என்று அவர்கள் ஒப்பிய பின்னரே ஏற்றுக்கொண்டனர். தம்பதிகளின் ஆஸ்தியைப்பற்றித் தமிழரிடம் கேட்டறிந்த பழைய கணக்கெடுப்பு என்று இதனைச் சொல்லலாம். பன்னிருவரும் ஆடவர். சீதனத்தைப்பற்றிச் சீதனம் கொணர்ந்தவளை ஒருவரும் கேட்டிலர்.

சட்டத்தின் வலிமையை எண்களும் காட்டுகின்றன. 2010-ஐ ஒட்டிக் கர்நாடகத்திலும், ஆப்பிரிக்காவிலுள்ள கானாவிலும், தென்னமெரிக்காவிலுள்ள ஈக்வடோரிலும் ஒரே முறையில் ஆய்வு நடத்தினர். வீடு, நிலம் முதலிய பருப்பொருட் செல்வத்திற் பெண்களின் பங்கு ஈக்வடோரில் 52 விழுக்காடு, கானாவில் 30, கர்நாடகத்தில் 19. ஈக்வடோரில் மணத்தின்பின் தேடியது இருவர்க்கும் பொது என்பது சட்டம். ஏனை இரண்டிலும் அவரவர் தேடியது அவரவர்க்கு. பிறந்த வீட்டு வாரிசுப் பங்கிலுள்ள ஏற்றத்தாழ்வும் காரணமே என்றாலும், கர்நாடகத்துப் பெண்கள் சொத்தில் விருப்பமற்றவர் என்று இந்த 19-ஐக் கொண்டு முடிவுகட்டுபவரை என்னென்பது!

ஆயின் விருப்பத்தை அளப்பதுதான் எவ்வாறு? இக்காலத்து அறிஞர் சிலர் சொல்லைக் கேளாது செயலைக் காண்கின்றனர். சிமோன் ஷானர் என்னும் அம்மையார் மேற்குக் கென்யாவில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக உவப்பானது. ஒவ்வொரு தம்பதிக்கும் பாங்கில் மூன்று கணக்குகள் அளிக்க முன்வந்தனர்: கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இருவர்க்கும் பொதுவாய் ஒன்று. வட்டி வீதமோ திருவுளச்சீட்டு முறையில் வந்தது. சில வீடுகளிற் பொதுக் கணக்குக்கு வட்டி மிகுதி. சில வீடுகளில் ஒருவரது தனிக் கணக்குக்கு மிகுதி. இருவரும் ஒரே மனத்தினராயின், எங்கே வட்டி மிகுதியோ அங்கே பணம் சேர்தல் வேண்டும். சேமிக்கும் பொறுமையில் ஒத்திராத தம்பதிகளிடம் அவ்வாறு நிகழவில்லை. மிகுதியான வட்டியை விடுத்தும் தத்தம் கணக்கை நாடினர். தனியுரிமைக்காக ஒருவர் எவ்வளவு வட்டியை இழக்கத் துணிகிறாரோ, அவ்வளவே அவ்வுரிமைக்கு அவர் இட்ட விலை. நாவின் விடையைக் காட்டிலும் இவ்விழப்பு நம்பத்தக்கது.

நாவா அஷ்ரஃப் என்பவர் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அங்குப் பல வீடுகளிற் பணப்பொறுப்பு மனைவி கையில். அத்தகைய வீட்டுக் கணவர்க்குச் சிறிது பணம் தந்து, வேண்டியவாறு செய்க என்றனர். மனைவி அறியாதவாறு கேட்டபோது, தம் சொந்தக் கணக்கில் இட்டனர். செய்வது மனைவிக்குத் தெரியவரும் என்றபோது, திரும்பப் பெறவொண்ணாதபடி தமக்கே செலவாக்கிக்கொண்டனர். மனைவியுடன் முன்னரே கலந்து பேசச் செய்தபோதோ, மனைவியின் கணக்கிற் செலுத்தினர். ஒரே நாட்டு ஆடவர், மூன்று நிலை, மூன்று விருப்பம்! இவற்றுள் மெய் விருப்பம் எது? மூன்றும் மெய்யே என்பது என் கருத்து. அதனால், எந்நிலையிற் கேட்டார் என்பதைச் சொல்லாமல் 'கணவர்கள் விரும்புவது இது' என்று எழுதும் எவரையும் நம்புதல் கூடாது. 2014-இல் உகாண்டாவில் வீட்டிலொருவரை மட்டும் கேட்டும், தம்பதிகளை ஒருங்கே வைத்துக் கேட்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒரே வேளையிற் கேட்டும் ஒப்பிட்டபோதும், கேட்கும் முறைக்கேற்ப உடைமையின் கணக்கே மாறக் கண்டனர்.

கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்து வினவுதல் வீட்டைப் பிளப்பதாகும் என்பார் நம் பெரியோர். இருவரும் ஒரே மாம்சம் என்று வேதம் கற்பித்திருக்க, உனது எனது என்னும் பேச்சு எதற்கு என்றும் கேட்பர். அமெரிக்காவில் 230 இளந்தம்பதிகளை இரண்டாண்டு தொடர்ந்து கண்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வும், பொதுக் கணக்கு வைத்தோரிடையே மனவொற்றுமை நன்கு நிலைத்ததென்றே கூறுகிறது. பெரியோர் கூற்றை யான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் இங்கிலாந்தின் பழைய நீதிவாணரும் கணவனும் மனைவியும் ஒருவரே என்றுதான் சொன்னார்கள். அவ்வொருவர் கணவர் என்று முடித்தார்கள். ஒற்றுமையைப்பற்றி எனக்கு வழக்கில்லை. அது எவர் பெயரிற் பதிவாகிறது என்பதே என் வழக்கு. குடிகாரக் கணவனுடன் வாழும் கூலிப்பெண்ணிடம் பொதுக் கணக்கின் மேன்மையை எடுத்துரைக்க யான் துணியேன். அவள் மகளிர் குழுவில் வாரந்தோறும் இடும் சிறுதொகை அவளுடையதாகவே இருத்தல் வேண்டும். பிறந்த வீட்டினின்று வந்தது அவரவர்க்கே ஆகுக. மணத்தின்பின் இருவர் உழைப்பால் வந்த வீடும் நிலமும், எவர் பெயரில் இருப்பினும், இருவர்க்கும் சமமாகுக. இதனை நம்மவர்க்கும் சட்டமாக்குதல் தகும் என்பது என் துணிபு. ஆயின் என் துணிபு ஒரு மாணவரின் துணிபு; மணமாகாதவரின் துணிபுங்கூட. மணமானவரைக் கேட்டறிதலே முறை.

கேட்பதற்கு நம் கல்லூரியே தக்க இடம். ஆண்டு விழாவுக்கு வரும் பழைய மாணவர் பலர் தம்பதியராய் வருகின்றனர். பொருளாதாரக் கழகத்தார் தம்பதி ஒன்றுக்கு இரண்டு தாளும் இரண்டு உறையும் கொடுத்து, வேறுவேறு அறையில் எழுதச் செய்யலாம். வீடு, நிலம், நகை, சேமிப்பு, வண்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டல் வேண்டும்: எங்கிருந்து வந்தது, இப்போது எவர் பெயரில், விற்க எவர் கையெழுத்து, இனி எவர் பெயரில் இருத்தல் நலம் என்று. இறுதியில் ஒரு கற்பனை வினா: நூறு ரூபாய்க்குப் பொதுக் கணக்கில் 8 ரூபாய் வட்டி, உம் தனிக் கணக்கில் எத்தனை ரூபாய் வட்டி தந்தால் அதில் இடுவீர்? உண்மைப் பணம் கைமாறாதாகலின் இது கென்யாவின் அளவைக்கு ஒப்பாகாது. எனினும் கணவன் விடைக்கும் மனைவி விடைக்கும் உள்ள இடைவெளியேனும் தெரியும். தாள்களிற் பெயர் வேண்டா. இரண்டும் ஒரே தம்பதிக்குரியன என்றறிய ஒரே எண் போதும். வினாக்களைத் தமிழில் அமைக்கும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கத்தார் ஏற்று, 'எங்கள்' என்னும் சொல் எவ்விடத்தும் நுழையாதவாறு பார்த்துக்கொள்வார்கள். விழாவுக்கு வாராதவர்க்குத் தபாலில் அனுப்புவதானால் மட்டும் ஒரு தடையுண்டு. பழைய மாணவர் சங்கத்தின் முகவரிப் புத்தகத்தில் மனைவியர் பலர் 'இன்னார் மனைவி' என்றே காணப்படுகின்றனர். இரண்டாம் உறையின் மேல் எழுத அவர்கள் பெயரை முதலிற் கேட்டு வாங்கவேண்டும்.